நெடுந்தீவுக்குப் போவோருக்குச் சில வார்த்தைகள்

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அதன் உண்மையை எனக்குச் சென்ற தைப்பூசத்தையொட்டி உணர்த்தியவன் என் தமக்கையாரின் மகன். கனடாவில் ரொறன்ரோ மாநகரில் வாழும் அவன், அந்நாட்டுக் குளிருக்கு அஞ்சி ஆண்டுதோறும் மனைவி மக்களுடன் பார்படோஸ் என்னும் கரிபியன் தீவுக்குச் சென்று ஒரு வாரம் தங்கி வருவது வழக்கம். ஊருக்கு வந்திருந்தபோது, தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்து எனக்குக் காட்டினான். அத்தீவின் தலைநகராகிய பிறிஜ்ரவுணில், குயீன்ஸ் பார்க் என்னும் பூங்காவில் நிற்கும் ஒரு பெருமரத்தின் படம் அது. பத்துப் பதினைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதன் முன்னே என் மருமகனும் அவன் எட்டு வயது மகனும் எறும்புகளைப் போல் நின்றார்கள்.

“மாமா, இது 1738ஆம் ஆண்டளவிலை ஆபிரிக்காவிலையிருந்து கொண்டுவந்து நட்ட மரமாம். இதைப் பாக்கவெண்டே சனம் வருகுது. உப்பிடி ஒரு மரத்தை நீங்கள் கண்டிருக்க மாட்டியள்” என்றான்.

“தம்பி, இதுக்குப் பேர் பெருக்கு. மன்னாரிலை பள்ளிமுனையிலை ஒண்டு நிக்குது. அவ்வளவு தூரமும் போக வேண்டாம். நெடுந்தீவிலை ஒண்டு நிக்குது. அதின்ரை வயித்துக்குள்ளை நீயும் உன்ரை மகனும் நுழைஞ்சு நிக்கலாம்” என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. யாழ்ப்பாணத்திலே பிறந்தவன், பாதி உலகத்தைச் சுற்றியவன், நெடுந்தீவை மாத்திரம் கண்டதில்லை. அவனை நான் குறைகூற மாட்டேன். அவன் பிள்ளையாய் இருந்த காலம் போர்க்காலம். கடல் நமக்கு மூடிக் கிடந்த காலம். அன்றிரவே, “எப்படிப் போவது, என்ன கொண்டு போவது என்று எழுதித் தாருங்கள்” என்று கேட்டான். நானும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பாடசாலை விடுமுறைகளிற் பலரும் தீவுகளுக்குப் போய்வரும் இந்நாளில் அது மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி, சற்று விரித்து இங்கே தருகிறேன். அத்தாளின் கடைசி வரியை ஏன் முதலில் எழுத வேண்டியதாயிற்று என்பதையும் சொல்வேன்.

காலம் அறிந்து புறப்படுதல்

கடற்பிரயாணத்துக்கு முதலிற் பார்க்க வேண்டியது பணப்பையை அன்று, காற்றை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் மழையும் சேர்ந்து கடலைக் கலக்கும். அக்காலத்திற் படகு ஓடாமலே நின்றுவிடும் நாட்களும் உண்டு. வைகாசியில் தொடங்கிச் சில மாதங்கள் சோளகம் வீசும். அப்போது வெயில் இருக்கும், மழை இராது. ஆயினும் அலை உயர்ந்து படகைத் தாலாட்டும். அந்தத் தாலாட்டில் நித்திரை வராது, வயிறுதான் குமட்டும். ஆதலால் மாசியும் பங்குனியுமே மேலானவை. அவற்றுள்ளும் மாசியையே நான் விரும்புவேன். மாரி மழையின் ஈரம் அப்போது முற்றாக வற்றியிராது. குளங்களில் நீர் இருக்கும். புல் பசுமையாய் இருக்கும். குதிரைகளும் கொழுத்து நிற்கும். சித்திரையில் அதே வெளி தீய்ந்து கிடப்பதைக் காணலாம்.

என் மருமகனுக்கு இதை விளக்குவது எளிதாயிற்று. கரிபியன் தீவுகளிலும் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அதனாலேயே அங்கு செல்வோர் டிசெம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் நாள் குறிக்கின்றனர். கடல் எங்கும் ஒரே குணமுடையது. அதனோடு பிடிவாதம் பிடித்து வென்றவர் இலர்.

துறைக்குப் போகும் வழி

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 776ஆம் இலக்கப் பஸ் வண்டி அங்கே செல்லும். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகச் சென்று, இருபுறமும் பரவைக் கடல் விரிந்து கிடக்கும் நீண்ட தாம்போதியால் புங்குடுதீவை அடைவோம். வாணர் பாலம் என்று ஊரார் வழங்கும் இப்பாதையிற் போகும்போது பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். களங்கட்டி மீனுக்குக் காத்திருக்கும் காட்சியும், நீர்ப்பறவைகளின் கூட்டமும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இரா.

இத்தீவுகளுக்கெல்லாம் ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்களின் பெயரைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம். அவர்கள் போனதும் அப்பெயர்களும் போயின. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் அதனைப் பசுக்களின் தீவு என்று தம் மொழியில் அழைத்தார்கள். நெடுந்தீவுத் தயிரை உண்டவர் அப்பெயரே பொருத்தம் என்பர்.

குறிகட்டுவானில் இரண்டு கூட்டத்தாரைக் காண்பீர்கள். நயினாதீவுக்கு நாகபூசணி அம்பாளையும் நாகதீப விகாரையையும் தரிசிக்கப் போவோர் ஒரு சாரார். அது கால் மணி நேரத்துப் பயணம். நெடுந்தீவுக்குப் போவோர் மற்றொரு சாரார். இது ஒரு மணி நேரம் செல்லும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட எண்ணாதீர்கள். அப்படி எண்ணியவர்கள் நயினாதீவையும் அவசரத்தில் இழந்து, நெடுந்தீவுப் படகையும் தவறவிட்டதைக் கண்டிருக்கிறேன்.

குமுதினி, வடதாரகை என்னும் படகுகளின் பெயரைத் தீவகத்தார் அனைவரும் அறிவர். எந்தப் படகு எந்த நாளில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது காற்றையும் பழுதையும் பொறுத்தது. ஆதலால் நேர அட்டவணை எதையும் இங்கே தரவில்லை. முதல்நாள் மாலையில் துறையிலோ, நெடுந்தீவில் அறிந்தவர் ஒருவரிடமோ விசாரித்துக்கொள்வதே முறை. திரும்பும் படகின் நேரத்தை, தீவில் இறங்கியவுடனேயே, வேறு எதையும் செய்வதற்கு முன் கேட்டு வையுங்கள்.

படகிலே தரும் உயிர்காப்பு அங்கியை அணிய வெட்கப்பட வேண்டாம். நீந்தத் தெரிந்தவருக்கும் அது வேண்டும். வயிறு குமட்டும் இயல்புடையோர் காலையிற் சிறிதளவே உண்டு, ஒரு துண்டு இஞ்சியோ தேசிக்காயோ கையில் வைத்துக்கொள்ளட்டும். காற்றுப்படும் இடத்தில் இருந்து, தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நான் செய்த பிழை

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் நாற்பது பேரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றேன். ஒழுங்குக்குப் பெயர்பெற்ற ஆசிரியன் அல்லவா? விடியுமுன் புறப்பட்டு, எல்லோருக்கும் முதலில் துறையை அடைந்து, வரிசையில் முன்னே நின்று, நாற்பது பேரையும் படகில் ஏற்றி இருத்திவிட்டேன். என் திட்டம் பிசகவில்லை என்ற பெருமிதம் எனக்கு.

படகு நிறைந்தது. இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஓர் அளவு உண்டு. அது நம் உயிருக்காக வைத்த அளவு. பின்னே வந்த பஸ்ஸிலிருந்து சிலர் இறங்கி ஓடி வந்தார்கள். அவர்களுள் வயது முதிர்ந்த ஓர் அம்மையார். முதல்நாள் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்கு வந்து, இரவு உறவினர் வீட்டிலே தங்கி, மருந்துப் பையுடன் ஊருக்குத் திரும்புகிறவர். இடமில்லை என்றதும் அவர் வாதாடவில்லை. நான் எழுந்து நின்று ஏதோ சொல்ல முயன்றேன். படகின் கயிறு அவிழ்ந்துகொண்டிருந்தது. அவர் கையை அசைத்து, “பறவாயில்லைத் தம்பி, பிள்ளையள் ஆசைப்பட்டு வந்ததுகள், போகட்டும். நான் அடுத்ததிலை வாறன்” என்றார்.

பிற்பகலில் நாங்கள் தீவைச் சுற்றிப் பார்த்து, பாட்டும் சிரிப்புமாகக் குறிகட்டுவானுக்குத் திரும்பி வந்தபோது, அவர் துறையிலுள்ள கொட்டகையில் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாலைப் படகுக்காகக் காத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, “பிள்ளையள் பெருக்கைப் பாத்தவையோ?” என்று கேட்டார். அவர் முகத்திலே கோபத்தின் சாயலும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். நான் தலையை மாத்திரம் அசைத்துவிட்டு நடந்தேன்.

பிள்ளைகளுக்கு அன்று நான் பலவற்றைக் கற்பித்தேன். போர்த்துக்கேயரைப் பற்றிச் சொன்னேன். ஒல்லாந்தரைப் பற்றிச் சொன்னேன். நாம் உல்லாசத்துக்கு ஏறும் படகு மற்றவருக்கு வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் போகும் ஒரே தெரு என்பதை மாத்திரம் சொல்லவில்லை. சொல்லாததன் காரணம், எனக்கே அது தோன்றாததுதான். நமது தெருவை யாரேனும் ஒரு நாள் அடைத்து விழா எடுத்தால் நாம் என்ன பாடுபடுத்துவோம்!

ஆதலால் என் தாளின் முதல் வரி இதுவாயிற்று: படகில் ஊரவர் முதலில் ஏறட்டும், விருந்தாளி பின்னர் ஏறுக. பெருங்கூட்டமாகப் போவோர் தனிப்படகு ஒழுங்கு செய்துகொள்வது நன்று. அதற்கு வசதியில்லாதவர் இரண்டு மூன்று குழுவாகப் பிரிந்து வெவ்வேறு நாட்களில் போகலாம். நல்லூர்த் திருவிழா விடுமுறை, நீண்ட வார இறுதி என்று கூட்டம் மிகுந்த நாட்களைத் தவிர்த்து, வார நாளொன்றைத் தெரிவது இரு சாராருக்கும் நன்மை. இதற்கு அரசாங்கச் சட்டம் வேண்டியதில்லை. வீட்டிலே பெரியவருக்குக் கதிரையை விட்டு எழும் பழக்கம் போதும்.

தீவில் இறங்கிய பின்

மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினியின் நினைவுச்சின்னத்தைக் காண்பீர்கள். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களும் உங்களைப் போலவே காலையிற் புறப்பட்டவர்கள். அவ்விடத்தில் ஒரு நிமிடம் நின்று செல்லுங்கள். படம் எடுக்கும் அவசரத்தைச் சற்றே பின்போடலாம்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நடந்து சுற்றிவர முடியாது. துறையில் முச்சக்கரவண்டிகளும் சிறு பட்டா வாகனங்களும் நிற்கும். ஏறுமுன் எவ்வெவ்விடங்களுக்கு, எவ்வளவு கூலி என்று பேசிக்கொள்ளுங்கள். பேசியதைவிடக் குறைத்துக் கொடுக்கப் பார்க்காதீர்கள். எண்ணெய் முதற்கொண்டு எல்லாம் அங்கே கடல்கடந்தே வர வேண்டும். இளைஞர்களுக்குத் துவிச்சக்கரவண்டியே சிறந்தது. காசைச் சிறு தாள்களாக மாற்றிக்கொண்டு செல்லுங்கள்.

முதலிற் பெருக்கு மரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தைக் கடலோடிகள் இங்கே கொண்டுவந்தனர் என்பர். பார்படோசில் நிற்பதும் இதுவும் ஒரே இனம். இரண்டும் தாய்நாட்டை விட்டு வந்தவை. இரண்டும் வந்த மண்ணை ஏற்றுக்கொண்டவை. அடிமரத்தின் பொந்துக்குள் புகுந்து நிற்கலாம். உள்ளே பெயரைச் செதுக்குவது மாத்திரம் வேண்டாம்.

பின்னர் வைத்தியசாலையின் அருகே, முருகைக்கல்லாற் கட்டிய பழைய கோட்டையின் இடிபாடு. மீகாமன் கோட்டை என்றும் அதனைச் சொல்வர். சுவர்கள் தளர்ந்திருப்பதால் மேலே ஏற வேண்டாம். செய்தி கொண்டுசெல்லப் புறா வளர்த்த புறாக்கூடும் உண்டு. மேற்கே வெடியரசன் கோட்டை என்று மக்கள் வழங்கும் இடத்தில் முருகைக்கல்லாலான பழைய பௌத்த தூபிகளின் எச்சங்களைக் காணலாம். வளரும் கல், பெருங்காலடி என்று ஊரார் காட்டுவனவற்றையும் பாருங்கள். விஞ்ஞானம் பேசி அவர்களுடைய கதையை இடைமறிக்காதீர்கள். கதையும் ஒரு புதைபொருளே.

வழிநெடுகக் காணும் வேலிகளைக் கவனியுங்கள். நம் ஊரிற் கிடுகும் பனைமட்டையும் செய்யும் வேலையை அங்கே முருகைக்கல் செய்கிறது. சுண்ணமோ சீமெந்தோ இன்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கிய மதில்கள். ஒரு கல்லை நினைவுக்காக எடுத்தாலும் மதில் சரியத் தொடங்கும். அதை மீண்டும் அடுக்குபவர் அவ்வீட்டு முதியவர்.

தெற்கு நோக்கிச் சென்றால் குதிரைகளின் வெளி. போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததாகக் கருதப்படும் இவற்றை ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கினர். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி இங்கே குதிரைப் பண்ணையை நடத்தினார். பழைய இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பண்ணை மறைந்தது, குதிரைகள் காட்டுக் குதிரைகளாயின. 2015ஆம் ஆண்டில் இவ்வெளியை உள்ளடக்கி நெடுந்தீவுத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. குதிரைகளுக்கு அருகே போகாதீர்கள், துரத்திப் படமெடுக்காதீர்கள், பிஸ்கோத்தும் பாணும் கொடுக்காதீர்கள். கோடையில் நீரின்றி அவை மடிவதும் உண்டு. நம்மால் அவற்றுக்குச் செய்யக்கூடிய நன்மை, அவற்றை ஓடவிடாமல் இருப்பதே.

நீரும் உணவும்

நெடுந்தீவில் ஆறு இல்லை. மாரி மழை கற்பாறையின் துளைகளினூடே இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் பாலின்மேல் ஆடைபோல மிதந்து நிற்கும். அந்த ஆடையை மெல்ல எடுத்தால் நன்னீர். ஆசைப்பட்டு அதிகம் இறைத்தால் உப்பு மேலேறிவிடும். பார்படோசும் பெரும்பாலும் முருகைக்கல் தீவே. அங்கும் மக்கள் கல்லுக்குள் இறங்கிய மழையையே நம்பி வாழ்கின்றனர். சாராப்பிட்டிக் கிணறுகள் நெடுந்தீவாருக்கு நெடுங்காலமாக நல்ல நீர் தந்தவை. பிற்காலத்திற் கடல்நீரை நன்னீராக்கும் பொறிகளும் வந்தன. ஆயினும் தண்ணீர் அங்கே எண்ணிச் செலவிடும் பொருளே. ஆளுக்கு இரண்டு போத்தல் நீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கடலிற் குளித்துவிட்டு ஊர்க் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி உப்புக் கழுவுவது தகாது. துவாயால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து முழுகலாம்.

பகலுணவுக்குக் கட்டுச்சோறு உத்தமம். கடைகள் உண்டு, ஆனாற் கூட்டத்துக்கு ஏற்பச் சமைத்து வைத்திரார். காலையிலேயே சொல்லிவைத்தால் மீன்குழம்பும் சோறும் நண்பகலிற் கிடைக்கும். தயிரை மறவாதீர்கள். கொண்டுபோன பொலித்தீனையும் வெறும் போத்தலையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். அங்கே வீசியதைப் பசு தின்னும்; தின்ற பசுவின் பாலைத்தான் நீங்கள் புகழ்ந்து குடிக்கிறீர்கள்.

குடையோ தொப்பியோ கட்டாயம் வேண்டும். வெளிகளில் நிழல் அரிது. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் படகு தவறினாலும் போதுமாறு ஒரு நாளுக்கு மேலதிகமாக வைத்திருங்கள். பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆனால் கடுமையான நோயாளியைக் கடலைத் தாண்டியே யாழ்ப்பாணம் கொண்டுவர வேண்டும். இரவு தங்க விரும்புவோருக்குச் சில விடுதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசிவைப்பது நலம். ஒரே நாளில் திரும்புவோர், படகு நேரத்துக்கு அரை மணி முன்னதாகத் துறையில் நில்லுங்கள். அங்கும் ஊரவர் முதலில் ஏறட்டும்.

மாசி மாதத்தில் ஒரு வார நாளில் என் மருமகன் குடும்பத்துடன் போய்வந்தான். காலைப் படகில் இடம் கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சியபடியே ஒதுங்கி நின்றார்களாம். இறுதியில் இடம் கிடைத்தது. அரிசி மூட்டையுடன் வந்த ஒரு பெண்மணிக்கு அதனைத் தூக்கி ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அதன் பயனாக, பகல் முழுவதும் அவர்கள் வீட்டு விறாந்தையிலே விருந்தினராயினர்.

“பார்படோசிலை காசு குடுத்த இடத்திலைதான் இருந்தனாங்கள், மாமா. நெடுந்தீவிலை ஒரு வீட்டிலை இருந்தனாங்கள்” என்றான்.

அவன் மகன் பெருக்கின் பொந்துக்குள் நின்று எடுத்த படத்தைக் காட்டினான். நான் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொட்டகையில் இருந்த அந்த அம்மையாரின் கேள்வி மீண்டும் காதில் ஒலித்தது. பார்த்தார்கள், ஆச்சி, இம்முறை யாரையும் கரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. அவரை எங்கேனும் சந்தித்தால் இதைச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. அதுவும் நான் செய்த பிழைகளுள் ஒன்று. நேயர்கள் போகும்போது, பக்கத்தில் இருப்பவரின் பெயரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பயணம் அதற்குப் போதும்.